கழித்த எஞ்சினின் கைப்பிரேக்

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ரேஷன் கார்டு. பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, வேம்பார் பஸ்ஸில் ஏறி, அங்கே உப்பளத்தில் தெரிந்த ஒருவரிடம் வேலை கேட்பது என்று உத்தேசம். வயது ஐம்பத்தொன்பது. அதற்கு முன் நான்கு இடங்களிலிருந்து இப்படிக் கிளம்பியிருக்கிறேன். கிளம்புவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் அன்று இரண்டு தடவை ஆஸ்பத்திரியைத் திரும்பிப் பார்த்தேன்.

உள்ளே இரண்டாம் மாடியில் மிக்கேல் இடது கையில் கட்டோடு படுத்திருந்தான். மணப்பாட்டுக்காரன். துறைமுகத்தை ஒட்டிய ரயில் யார்டில் இருபத்திரண்டு வருஷம் என்னோடு எஞ்சினும் வேகனும் கோத்தவன். அவன் கை ஒடிந்தது என்னால். அது எனக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோரும் ஒரு பழைய எஞ்சின்மேல் பழியைப் போட்டிருந்தார்கள். அப்படியே எழுதியும் வைத்துவிட்டார்கள். எழுதினதற்கு அடியில் என் கையெழுத்தும் இருந்தது.

இப்போது எங்கள் பக்கத்துச் சரக்கு ரயில்களை மின்சார எஞ்சின்கள் இழுக்கின்றன. பழைய டீசல் எஞ்சின்களை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டார்கள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்தால், அந்த எஞ்சினெல்லாம் எப்படி அண்ணாச்சி என்று கேட்கிறார்கள். அதன் இரைச்சலையும் கரும்புகையையும் பற்றி நான் சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். எனக்கு நினைவுக்கு வருவது சத்தமே இல்லாமல் வந்த ஒரு எஞ்சின். அதைத்தான் எழுதுகிறேன்.

நான் ஏழாம் வகுப்போடு நிறுத்தியவன். வேம்பாரில் உப்பு வாரினேன். பாதம் வெடித்து ரத்தம் வந்ததும் தோணிக்குப் போனேன். தோணியில் இரண்டு பயணம் நல்லபடியாகப் போனது. மூன்றாவது பயணத்தில் பாய்மரக் கயிறு அறுந்து ஒருவரைக் கடலுக்குள் இழுத்துப்போனதைப் பார்த்தேன். கரை இறங்கியவன் திரும்ப ஏறவில்லை. லாரியில் கிளீனராக நாக்பூர் வரை போனேன். பிறகு ஒரு மரக்கடை. கடைசியாக யார்டு. தனியார் யார்டு, பேர் வேண்டாம். நிலக்கரி, உரம், உப்பு எல்லாம் அங்கே ஏறி இறங்கும். பதினாலு நாள் ஒருவர் பின்னாலேயே நடந்து, எஞ்சினையும் வேகனையும் தடம் மாற்றிக் கோக்கிற ஷண்டிங் வேலை படித்தேன். பதினைந்தாம் நாள் கையில் பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் கொடுத்தார்கள். படிப்பு அவ்வளவுதான்.

மீதியைச் சொல்லிக்கொடுத்தது பயம். யார்டு மாஸ்டர் தவமணி சாரும்தான்.

தவமணி சார் ஒல்லியானவர். சட்டைப்பையில் இரண்டு சாக்பீஸ், கையில் ஒரு சின்னச் சுத்தியல். கூலிக்காரனிலிருந்து டிரைவர் வரை எல்லோரையும் 'நீர்' என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்தவே மாட்டார். தப்புச் செய்தவன் பக்கத்தில் போய் நின்று, காதோரம் மெதுவாக, "இப்ப என்ன செஞ்சீருன்னு முதல்ல இருந்து சொல்லும்" என்பார். சொல்லி முடிப்பதற்குள் செய்தவனுக்கே வியர்த்துவிடும். ஒரு வேலையைச் சொன்னால் நாம் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். சொல்லாமல் தலையாட்டினால், "தலையாட்டுறது மாடு, நீர் வாயத் தொறந்து சொல்லும்" என்பார்.

நான் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஐப்பசி மழையில் ஒரு சம்பவம். உப்பு ஏற்றிய வேகன்களோடு எஞ்சின் வந்தது. தண்டவாளத்தில் உப்புச் சேறு. டிரைவர் பிரேக் பிடித்தார், சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. நின்ற சக்கரத்தோடு வழுக்கிக்கொண்டே போனது. நான் எஞ்சின் படியில் தொங்கிக்கொண்டிருந்தேன். தடம் முடிகிற இடத்தில் ஒரு மண்மேடு, அதைத் தாண்டினால் கடல். மண்மேட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. இறங்கியதும் நான் வாந்தி எடுத்தேன். மிக்கேல் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தான். அவன் கப்பலுக்குப் போய் வந்தவன்.

"கடல்ல இருந்தா பயம் வயித்துல இருக்கும் வே. இங்கன முதுகுல இருக்கு. எந்தப் பக்கம் திரும்புனாலும் முதுகுன்னு ஒண்ணு இருக்கத்தான செய்யுது" என்றான்.

கைப்பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஓடுகிற எஞ்சினுக்குக் காற்றுப் பிரேக். நிறுத்தி அணைத்துவிட்டால் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துபோகும். அப்புறம் அதைப் பிடித்து வைப்பது கைப்பிரேக்தான். டிரைவர் அறைக்குள் ஒரு இரும்புச் சக்கரம் இருக்கும். அதைத் திருகினால் கீழே சங்கிலி இழுத்து, பிரேக் கட்டைகள் வண்டிச் சக்கரத்தோடு ஒட்டும். எங்கள் கரையில் உப்புக்காற்று அந்தச் சங்கிலியைத் தின்னும். சங்கிலி ஓடுகிற கப்பி துருவேறி இறுகிவிடும். மேலே திருகுகிறவனுக்குச் சக்கரம் அதற்குமேல் திரும்பாது. பிடித்துவிட்டது என்று கை சொல்லும். கீழே கட்டை சக்கரத்தைத் தொட்டுக்கூட இருக்காது. மதுரைப் பக்கத்து யார்டுக்காரர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. எங்களுக்கு உயிர் விஷயம்.

அதனால் தவமணி சார் ஒரு முறை வைத்திருந்தார். திருகியவன் கீழே இறங்கவேண்டும். பிரேக் கட்டையைச் சுத்தியலால் அடிக்கவேண்டும். இறுகியிருந்தால் ஊமைச் சத்தம், டொக் என்று. இறுகாவிட்டால் லொடக் என்று ஆடும். அடித்துக் கேட்ட சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடவேண்டும். எல்லாம் முடிந்தபிறகு உரக்க, "கேட்டாச்சு" என்று சொல்லவேண்டும். இரண்டு வண்டியையும் பூட்டுகிற கப்ளிங்கை மாட்டப் போகிறவன் "போறேன்" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் இரண்டு வண்டிக்கும் நடுவில் நுழைவான். 'கேட்டாச்சு' இல்லாமல் எங்கள் யார்டில் யாரும் நடுவில் போனதில்லை. வாய்ச்சண்டை போட்டுக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருப்பவர்கள்கூட அந்த ஒரு சொல்லை மட்டும் பேசிக்கொள்வார்கள்.

மின்சாரக் கம்பி வந்தபிறகு, கழித்த டீசல் எஞ்சின்கள் ஐந்தைக் கொண்டுவந்து எங்கள் யார்டின் ஓரத் தடத்தில் நிறுத்தினார்கள். ஏலத்தில் எடுத்தவர் வந்து கொண்டுபோகும்வரை அங்கேயே கிடக்கும். டெட் எஞ்சின் என்போம். மாதக்கணக்கில் நின்றன. கதவுகளில் உப்புப் பூத்தது. ஒன்றின் கூண்டுக்குள் காக்கை முட்டையிட்டது. உயிரோடு இருந்தபோது அரை மைல் தூரத்திலேயே தெரியும், தரை அதிரும். இப்போது பக்கத்தில் போனாலும் ஒன்றும் கேட்காது. நான் அந்தத் தடத்தின் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு கண்ணை அவற்றின்மேலேயே வைத்திருப்பேன். ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது.

ஒரு நாள் காலை அவற்றை ஒன்றோடொன்று கோக்கச் சொன்னார்கள். ஓரத் தடம் கடல் பக்கம் லேசாகச் சரியும், கண்ணுக்குத் தெரியாத சரிவு. மேலே முதல் டெட் எஞ்சின் நின்றது. உருளாமல் இருக்கச் சக்கரத்தடியில் ஒரு மரமுட்டு. நான் அதற்குள் ஏறிக் கைப்பிரேக்கைத் திருகவேண்டும். கீழ்ப்பக்கத்திலிருந்து ஓடுகிற எஞ்சின் ஒன்று இரண்டாவது டெட் எஞ்சினைத் தள்ளிக்கொண்டு வரும். இரண்டும் முட்டியதும் கப்ளிங் பூட்டிக்கொள்ளவேண்டும்.

ஏறினேன். திருகினேன். ஒன்றரைச் சுற்றில் நின்றுவிட்டது. தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை.

அப்புறம் இறங்கவேண்டும். ஐந்து படி, கடைசிப் படிக்கும் தரைக்கும் இடுப்பளவு. என் வலது முட்டி போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஒரு எஞ்சின் படியில் வழுக்கி விழுந்ததில் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார்டுக்குள் விடுகிற கேட் பாஸைப் புதுப்பிக்க மாட்டார்கள். காலையில் வேலைக்கு வருமுன் துணியால் இறுக்கிக் கட்டிக்கொள்வேன். ஏறுவது எப்படியோ முடியும். இறங்கும்போது முட்டிக்குள் ஆணி அடித்ததுபோல் இருக்கும். இறங்கினால் திரும்ப ஏறவும் வேண்டும், கோக்கும்போது உள்ளே ஆள் இருக்கவேண்டும் என்பது சட்டம்.

சார் உட்பட எல்லோரும் கீழ்ப்பக்கமிருந்து வருகிற எஞ்சினைப் பார்த்து நின்றார்கள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கேட்டாச்சு" என்றேன்.

முதல் முட்டலில் பூட்டவில்லை. எஞ்சின் இரண்டாவதை ஒரு பதினைந்து அடி பின்னால் இழுத்து நிறுத்தியது. கப்ளிங்கில் துரு ஏறி, பூட்டிக்கொள்ளும் தாடை திறக்கவில்லை. மிக்கேல் "போறேன்" என்று சொல்லிவிட்டு நடுவில் நுழைந்து, என் எஞ்சினுக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டாவதன் கப்ளிங்கைச் சம்மட்டியால் தட்ட ஆரம்பித்தான்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு விளக்குக் கம்பம் நின்றது. அது நகர்ந்தது. கம்பம் ஏன் நகருகிறது என்று ஒரு நொடி யோசித்தேன். அந்த ஒரு நொடி இன்னும் எனக்கு வரும், சோறு தின்னும்போதுகூட வரும். நகர்ந்தது நான். முட்டலில் விரிசல் விட்டிருந்த மரமுட்டு நசுங்கிப்போயிருந்தது. நூறு டன்னுக்கு மேல் இரும்பு, ஒரு சத்தமும் இல்லாமல், மனிதன் நடக்கிற வேகத்தில் மிக்கேலின் முதுகைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. பிரேக் சக்கரத்தில் தொங்கினேன். முன்பு திருகும்போது அது நின்றது துரு இறுகியதால்தான். பிரேக் எங்கேயும் பிடிக்கவில்லை. கத்தினேன். ஓடுகிற எஞ்சினின் இரைச்சலும் சம்மட்டிச் சத்தமும் சேர்ந்து என் குரல் எனக்கே கேட்கவில்லை.

தவமணி சார் தடத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "மிக்கேலு, படு" என்று அவர் கத்தியது அந்த இரைச்சலையும் மீறி எனக்குக் கேட்டது. அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நடுவில் மாட்டிக்கொண்டால் ஓடாதே, படு என்பதும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். மிக்கேல் திரும்பிப் பார்க்காமல் அப்படியே இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் விழுந்தான். அவனுக்கு மேலே இரண்டு கப்ளிங்கும் மோதின. அந்தத் தடவை பூட்டிக்கொண்டது. தொங்கிய இரும்புக் குழாய் ஒன்று அவன் இடது கையை மணிக்கட்டுக்கு மேல் ஒடித்திருந்தது. வெளியே இழுத்தபோது வாயெல்லாம் கரித்தூள். "எங் கை இருக்கா பாருங்க" என்று மட்டும் கேட்டான்.

சாயங்காலம் விசாரணை. தவமணி சார் கேட்டார்.

"சுடலை, திருகுனீரா?"

"திருகுனேன் சார்."

"இறங்கி அடிச்சீரா?"

"அடிச்சேன் சார்."

"கேட்டுதா?"

"நல்லாக் கேட்டுது சார். டொக்குன்னு."

மேலிடத்திலிருந்து வந்தவர் அதற்குமேல் கேட்கவில்லை. சக்கரத்தில் சாக்பீஸ் வட்டம் இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை, எஞ்சின் அதற்குள் இடம் மாறிவிட்டது. நான் அடித்துச் சோதித்தபோது பிரேக் பிடித்திருந்தது, வயதான சங்கிலி பிறகு நழுவியிருக்கிறது என்று எழுதினார்கள். எல்லோருக்கும் நிம்மதி. எப்படியும் வெட்டப்போகிற எஞ்சின், அதைத் தண்டிக்கவேண்டிய அவசியமில்லை. நானும் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.  நான் கொண்டுபோன ஆரஞ்சை மிக்கேல் ஒற்றைக் கையால் உரித்து ஒரு சுளையை எனக்கே கொடுத்தான்.

"ஒண்ணு சொல்லணும் வே" என்றான். "அன்னைக்கு எனக்குச் சுத்தியல் சத்தம் கேக்கல. நீ கேட்டாச்சுன்னு சொன்னது கேட்டுது, அடிச்சது கேக்கல. காது அவிஞ்சுபோச்சு போல. கை சரியானதும் காது டாக்டரப் பாக்கணும். காது கேக்காதவன் நடுவுல போகக்கூடாதுல்லா."

 என் வார்த்தையை நம்பி அவன் தன் காதைச் சந்தேகப்பட்டான். வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு, மறுபடி ஆஸ்பத்திரி வரை வந்து, சொல்லிவிடலாம் என்று மாடிப்படி வரை போய், ஏறாமல் திரும்பினேன். முதலில் சொன்ன அந்த நடை அப்போதுதான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பைக் என் அருகே வந்து நின்றது. செல்வம். யார்டில் எங்களுக்கு அடுத்த செட்டு ஆள், இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன்.

"அண்ணாச்சி, பையத் தூக்கிட்டு எங்க போறிய?"

"வேம்பாருக்கு. ஒரு சோலி."

"போயிட்டு வாங்க. நாளைக்குப் பாக்கி மூணையும் கோக்கணும். மிக்கேலண்ணன் இல்லல்லா, நடுவுல போறது நாந்தான்."

"சுத்தியல் அடிச்சுட்டுப் போ லே."

அவன் சிரித்தான். "அட போங்க அண்ணாச்சி. நீங்க இறங்கி அடிச்சிய, டொக்குன்னு கேட்டுதுன்னு எழுதியும் குடுத்திய. அப்பறமும் ஓடி வந்துட்டுல்லா? அப்ப அந்தச் சத்தத்துல என்ன மயிரு இருக்கு? பயலுவ எல்லாம் அதத்தான் சொல்லுதானுவ. தவமணி சாரு சொல்லுதாரேன்னு ஒப்புக்கு ரெண்டு தட்டு தட்டிட்டுப் போவ வேண்டியதுதான்."

பைக் போய்விட்டது. வேம்பார் பஸ் வந்து நின்றது. கண்டக்டர், "ஏறுறீரா இல்லையா" என்று கேட்டார். நான் படியில் கை வைத்திருந்தேன். நாளைக் காலை செல்வம் நடுவில் நிற்கிறான், பின்னால் ஒரு டெட் எஞ்சின் நகருகிறது. நான் வேம்பாரில் உப்பு வாரிக்கொண்டிருக்கிறேன். இதுதான் கண்ணில் நின்றது. நான் ஒடித்தது ஒரு மனிதனின் கையை மட்டும் இல்லை. பத்துப் பதினைந்து பேரை உயிரோடு வைத்திருந்த ஒரு முறையையே உடைத்துவிட்டேன். பஸ்ஸை விட்டுக் கையை எடுத்தேன்.

யார்டில் தவமணி சார் தன் அறையில் மறுநாள் வேலைப் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், நான் அடிக்கல."

"எத?"

"சுத்தியல. இறங்கவே இல்ல."

பேனாவை மூடி வைத்தார். "முதல்ல இருந்து சொல்லும்."

முட்டியிலிருந்து ஆரம்பித்தேன். துணிக்கட்டை அவிழ்த்துக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முட்டி போயி எத்தன மாசம்?"

"ஒன்றரை வருசம் சார்."

"இந்த ஒன்றரை வருசத்துல, அடிக்காம எத்தன தடவ கேட்டாச்சுன்னு சொன்னீரு?"

அதை அவர் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. அதுவரை எனக்குள்ளேயே நான் அதைக் கேட்டதில்லை.

"எண்ணல சார். இருவது இருக்கும். கூடவும் இருக்கும்."

 அவர் உதடு மட்டும் அசைந்தது. யார் யார் நடுவில் போனார்கள் என்று பெயர் பெயராக நினைத்துப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த அறையில் நான் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் வந்த பயம், தோணியிலும் வரவில்லை, மண்மேட்டின் முன்னாலும் வரவில்லை. பிறகு கையை நீட்டினார். கேட் பாஸைக் கொடுத்தேன். பட்டியலைக் கிழித்துவிட்டு, புதுத் தாளில் நான் சொன்னதை ஒன்று விடாமல் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார்.

"நாளைக்கு இத எல்லாருக்கும் படிச்சுக் காட்டணும்" என்றார். அப்புறம், இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, "நீ போ" என்றார்.

மிக்கேலிடம் போய்ச் சொன்னேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். "அப்ப காது நல்லாத்தான் இருக்கு" என்றான்.  இன்றுவரை அதைப் பற்றி வேறெதுவும் சொன்னதில்லை. என்னோடு பழைய மாதிரிப் பேசியதும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் யார்டு கேட்டுக்குப் போனேன். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். செல்வம் நடுவில் போகிறானா என்று வேலிக்கு வெளியில் நின்றாவது பார்க்கவேண்டும்போல் இருந்தது. கேட்டில் ஏலம் எடுத்தவரின் ஆள் ஒருவர் போனில் யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தார். டெட் எஞ்சின்கள் போகும்போது வழியெல்லாம் ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து போகவேண்டும், கைப்பிரேக் அவன் பொறுப்பு. வருவதாகச் சொன்னவன் விபத்தைக் கேள்விப்பட்டு வரவில்லை. எந்த ஊர்க்காரனும் வர மறுக்கிறான் என்றார்.

"நான் போறேன்" என்றேன். வாய் சொல்லிவிட்டது. 

நான் யார், என்ன செய்தேன் என்பதையும் சொன்னேன். அவர் தயங்கினார், நேரத்தைப் பார்த்தார், அவருடைய ஆள் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அதைக் காட்டியதும் கேட்டில் உள்ளே விட்டார்கள்.

மூன்றாவது எஞ்சினில் ஏற எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. யாரும் கை கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. தாளை அதற்குள் படித்துக் காட்டியிருந்தார்கள். தடத்தின் ஓரம் நின்ற பத்துப் பேரும் என்னையே பார்த்தார்கள். செல்வம் சம்மட்டியோடு நடுவில் நுழைகிற இடத்தில் நின்றான். அவன் முகம் வெளுத்திருந்தது.

கைப்பிரேக்கைத் திருகினேன். இரண்டு சுற்றில் நின்றது. சுத்தியலோடு கீழே வந்தது தவமணி சார்தான். குனிந்து முதல் கட்டையை அடித்தார். ஊமைச் சத்தம், இரும்பு வழியாக என் கைக்கு ஏறி வந்தது. வட்டம் போட்டார். இரண்டாவதை அடித்தார். நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார்.

"கேட்டுதா?"

கேட்டது போலவும் இருந்தது. ஓடுகிற எஞ்சினின் இரைச்சலில் லேசாக ஆடியது போலவும் இருந்தது. சார் காத்துக்கொண்டிருந்தார், செல்வம் காத்துக்கொண்டிருந்தான்.

"தெரியல சார்" என்றேன். "அந்த எஞ்சின அணைக்கச் சொல்லுங்க. இன்னொருக்க அடிங்க."

அணைக்கச் சொன்னார். அணைத்தார்கள். யார்டு முழுக்க அமைதியானபிறகு அவர் மறுபடி குனிந்தார்.